ஒரு சாண் திறந்த கதவும் இரண்டு டிஸ்க்குகளும்

“அந்தப் பெட்டிய ஒரு நாள் நானே தூக்கித் தரையில அடிக்கிறேன், பாத்துட்டே இருங்க.”

எதிர்வீட்டு நர்ஸ் இப்படிக் கத்தியபோது நான் பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பீன்ஸ் கொஞ்சம் முற்றல்.

“மெதுவாப் பேசு. அக்கா வீட்டுக் கதவு திறந்திருக்கு” என்றார் அவள் கணவர்.

“அது என்னைக்கு மூடியிருந்துச்சு? கேக்கட்டும். அக்கா, நீங்களே சொல்லுங்க நியாயத்த. ஒரே படத்த வைக்க ரெண்டு டிஸ்க்கு. பகல்ல தூங்குறவ தலைமாட்டுல ஈ மாதிரி ஙொய்னு சத்தம். நேத்து சாயங்காலத்துலேர்ந்து சாப்பிடக்கூட வராம அதையே பாத்துட்டு உக்காந்திருக்கார். என்னத்தப் பாத்தீங்கன்னு கேட்டா வாயத் திறக்க மாட்டேங்கறார்.”

“அப்புறம் சொல்றேன்னு சொன்னேன்ல. ரெண்டு எதுக்குன்னா, ஒண்ணு போனா இன்னொண்ணு நிக்கும்.”

“அப்ப எனக்கும் ஒரு ஜோடி பாத்து வெச்சுக்கோங்க. நான் போனா அவ நிப்பா.”

நர்ஸ் படியில் இறங்கிப் போய்விட்டாள். அவளுக்கு மதியம் இரண்டு மணி ஷிஃப்ட். கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும். ஆனால் கேட்டதை நினைவில் வைத்துக்கொண்டு பிற்பாடு உங்களிடம் வரிக்கு வரி சொன்னது நான் மட்டும்தான். மற்றவர்களுக்கு அந்தப் பொறுப்பு கிடையாது.

மேடம், நடந்ததை என் கையாலேயே எழுதித்தரச் சொன்னீர்கள். ஒரு மர அளவுகோல் கேட்டேன், வைத்து எழுதினால் எழுத்து நேராக வரும் என்று. கூடாது என்று சொல்லிவிட்டீர்கள். ஆகவே வரிகள் ஏறி இறங்கித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் கதவைப் பற்றி. நான் முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊரார் பேச்சை ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கொண்டுசேர்த்த காது இது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த முதல் வாரம் எனக்குச் செவிடாகிவிட்டதோ என்றே பயம் வந்தது. டாக்டர் காது நன்றாக இருக்கிறது, வீட்டில்தான் பேச்சு இல்லை என்றார். என் வீட்டுக்காரர் இறந்துபோனது அதற்கு முந்தின வருடம். அன்றிலிருந்து வாசல் கதவை ஒரு சாண் திறந்து, இடுக்கில் ஒரு பழைய செருப்பைச் செருகிவைத்திருப்பேன். காற்றுக்காக. கதவுக்கு நேரே சாப்பாட்டு மேசை. என் வேலை எல்லாம் அந்த மேசையில்தான்.

எதிர்வீட்டுக்காரர்கள் நான்கு வருடத்துக்கு முன் குடிவந்தார்கள். கம்ப்யூட்டர் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிற தம்பி, நர்ஸ் மனைவி, தம்பியின் தங்கை. அந்தப் பெண் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். தங்கமான மனிதர்கள். எது என்றாலும் என்னிடம்தான் முதலில் சொல்வார்கள். நர்ஸுக்குக் கரு தங்காமல் போனதை அவள் அம்மாவுக்கு முன்னால் நான் அறிவேன். தம்பிக்கு வேலை போய், மறுபடி கிடைத்ததை அறிவேன். அப்படி இருந்தவர்கள் தங்கைக்கு நிச்சயம் செய்ததை எனக்குச் சொல்லவில்லை. பால் போடுகிறவர் சொல்லித்தான் தெரிந்தது. “உங்களுக்குத் தெரியாதாக்கா?” என்று அவர் கேட்ட விதம் ஒன்று இருக்கிறது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளை வீட்டுக்கு நான் எழுதிய கடிதத்தில் பொய் ஒரு வரி கிடையாது. ‘பெண் வாரத்தில் இரண்டு நாள் தெருமுனையில் ஒரு மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்குகிறாள். ஓட்டுகிறவன் ஹெல்மெட்டைக் கழற்றுவதில்லை. விசாரித்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.’ இவ்வளவுதான். அளவுகோலை வைத்துக் கோடு கோடாக எழுதினால் யார் கையெழுத்தும் ஒரே மாதிரிதான் இருக்கும். இருபத்திரண்டு வருடத்தில் இப்படி நாற்பது, நாற்பத்தைந்து எழுதியிருப்பேன். ஒன்றில்கூட நான் வசைச்சொல் எழுதியதில்லை. பெயர் போடாததற்குக் காரணம் அடக்கம்.

அந்த மாப்பிள்ளைக்கு இரண்டு அண்ணன்கள். விசாரிப்பார்கள் என்று நினைத்தேன். அவர்களுடைய விசாரணை வேறு மாதிரி இருந்தது. ஒரு மாலை படியேறி வந்து, தம்பியைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து, கையில் இருந்த ஹெல்மெட்டாலேயே அடித்தார்கள். “யாருடா அவன், ஹெல்மெட் போட்டவன்? சொல்லு” என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். தம்பிக்கு யார் என்று தெரியாது. தெரியாத விஷயத்தை அடித்து வாங்க முடியாது. அவர்களுக்கு அது புரியவில்லை. பதினோரு அடி. நான் செருப்புக்கு இந்தப் பக்கம் நின்று எண்ணினேன். ஏழாவது அடியில் விலா எலும்பு போனது, காய்ந்த குச்சியை முழங்காலில் வைத்து ஒடிக்கிற சத்தம். அவர்கள் போனதும் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு முதலில் ஓடியது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

உள்ளே தங்கை ஒரு கண்ணாடி டம்ளரைக் கையாலேயே நெரித்து உடைத்துவிட்டிருந்தாள். துண்டுகளை விடவும் மாட்டேன் என்கிறாள், அழவும் மாட்டேன் என்கிறாள். நர்ஸ் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அங்கேயே உட்கார்ந்து ஏழு தையல் போட்டாள். நான் டார்ச் பிடித்தேன். வெளிச்சம் ஆடாமல் பிடித்ததற்கு நர்ஸ் என்னைப் பாராட்டினாள்.

“அக்கா, இந்தக் கடுதாசிய எழுதுனவன மட்டும் கண்டுபிடிச்சிட்டேன்னா...” என்று தம்பி, அவர்கள் வீசிவிட்டுப் போன கடிதத்தைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடி சொன்னார். அதற்கு மேல் அவருக்குப் பேச வரவில்லை. விலா.

அதற்குத்தான் அந்தப் பெட்டி வந்தது.

விலாக்கட்டுடன் குனிய முடியாது என்பதால் நான் கூடமாட உதவினேன். திருகாணிகளைச் சிந்தாமல் ஒரு சாஸரில் வைத்துக்கொண்டு நின்றேன். வாசல் நிலைக்கு மேலே விரல்நுனி அளவு ஒரு கேமரா. கூடத்து மேசைக்குக் கீழே, முழங்கால் உயரத்துக்கு ஒரு மரப்பலகை போட்டு, அதன் மேல் கறுப்புப் பெட்டி. அதற்குள் செங்கல் மாதிரி இரண்டு டிஸ்க்குகள். பெட்டியின் மூடி சரியாகப் பொருந்தவில்லை என்று அதைக் கழற்றியே வைத்துவிட்டார். எனக்கு எதையும் விளங்கிக்கொள்ளாமல் விடப் பிடிக்காது. கேட்டேன்.

“இது மிரர்க்கா. கேமராவுல வர்றது ரெண்டு டிஸ்க்குலயும் ஒரே நேரத்துல பதியும். இதுல என்ன இருக்கோ அச்சு அசலா அதுலயும் இருக்கும். ஒரு டிஸ்க் செத்தாலும் கவலையில்ல. அத எடுத்துட்டு புதுசு போட்டா, இருக்கறது பூராத்தையும் இது அதுக்குச் சொல்லிக்கொடுத்துரும்.”

“சரி, ஒண்ணுல இருக்கறத அழிச்சா?”

“ரெண்டுலயும் போயிரும். அழிக்கறதும் ஒரு எழுத்துதானக்கா. இப்ப நான் மீசையை எடுத்தா, கண்ணாடிக்குள்ள இருக்கறவனுக்கு மட்டும் மீசை நிக்குமா?”

நாங்கள் இருவரும் சிரித்தோம். சிரித்ததில் அவருக்கு விலா வலித்தது. பாவம், நல்ல வாத்தியாராக வந்திருப்பார். கற்றுக்கொடுத்ததில் ஒன்றைத்தான் விட்டுவிட்டார், அதற்கு வருகிறேன்.

அதன் பிறகு கட்டடத்துக்குள் யார் வாசலிலும் நான் கடிதம் போடவில்லை. தூரத்துத் தபால்பெட்டி வரை நடந்தேன். நடப்பது உடம்புக்கும் நல்லது. கேமரா அவர்கள் வாசலைத்தானே பார்க்கிறது என்று இருந்துவிட்டேன். வாசலைப் பார்க்கிற கண் வாசலோடு நின்றுவிடுமா என்று யோசிக்கவில்லை. எதிர்வாசல் என்னுடையது. அதில் ஒரு சாண் திறப்பு. திறப்புக்கு நேரே என் மேசை.

இரண்டு மாதத்தில் ஹெல்மெட்காரன் யார் என்று தானாகவே வெளியே வந்தது. எங்கள் கட்டடத்து லிஃப்டைப் பழுது பார்க்க வருகிற மெக்கானிக்தான். அவனே நேராக வந்து தம்பியின் முன் நின்று, “அன்னைக்கு நான் வாங்க வேண்டிய அடி அண்ணா அது” என்றான். தம்பி அவனை உட்காரவைத்து டீ கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட்காரனின் அம்மா பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. இதையும் என்னிடம் யாரும் சொல்லவில்லை. லிஃப்டுக்கு எண்ணெய் போடும்போது அவன் போனில் பேசியது காதில் விழுந்தது. இரண்டாவது முறை. அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் ஒரு தாய்க்குத் தன் வீட்டுக்கு வரப்போகிறவளைப் பற்றித் தெரிய வேண்டாமா? ‘கோபம் வந்தால் கண்ணாடியைக் கையால் உடைத்துக்கொள்கிற பெண். வலது உள்ளங்கையில் ஏழு தையல். காட்டச் சொல்லிப் பாருங்கள்.’ தையலை எண்ணியவள் நான். எண்ணிக்கையில் தப்பு வராது. எழுதி, மடித்து, உறையில் போட்டுக் கைப்பையில் வைத்திருந்தேன். அன்றைக்குச் சமையலை முடித்துவிட்டுத் தபால்பெட்டிக்குப் போவதாக இருந்தேன். பீன்ஸ் உரித்தேன் என்றேனே, அந்த நாள்.

நாலு மணிக்குத் தம்பி வந்து என் கதவைத் தட்டினார். திறந்திருக்கிற கதவைத் தட்டினார். அதுவே எனக்குப் புதிதாக இருந்தது.

“அக்கா, கொஞ்சம் வீட்டுக்கு வாங்க.”

போனேன். கதவைச் சாத்தினார். மேசையில் திரை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வயதான பெண்மணி மேசையில் குனிந்து அளவுகோலை நகர்த்தி நகர்த்தி எழுதுகிறாள், மேலே விளக்கு. என் முதுகு இவ்வளவு கூனிவிட்டது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கடையில் துணி வாங்கும்போது யாரும் சொன்னதில்லை.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். கண் சிவந்திருந்தது, குரல் உயரவில்லை.

“நேத்து சாயங்காலத்துலேர்ந்து இதையேதான்கா பாக்குறேன். வேற யாராவதா இருக்கணும்னு பெரிசு பண்ணிப் பண்ணிப் பாத்தேன். இந்தக் கடைசிக் கடுதாசி... இன்னும் போடலையே?”

“இல்ல தம்பி.”

“குடுத்துருங்க. என் பொண்டாட்டிகிட்டகூட இன்னும் சொல்லல. போலீஸும் வேணாம். நீங்க என் தங்கச்சிகிட்ட ஒரே ஒரு தடவ, உங்க வாயால, நான்தான் எழுதினேன்னு சொல்லிருங்க. அவ தன்னால எனக்கு அடி விழுந்துச்சுன்னு நெனச்சிட்டு இருக்கா. கையப் பாத்துப் பாத்து உக்காந்திருக்கா. அது மட்டும் போதும்கா.”

பாருங்கள், எவ்வளவு நியாயமாகப் பேசுகிறார். கைப்பையைத் திறந்து உறையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

“சொல்றேன். இத அழிச்சிருங்க தம்பி.”

“நீங்க அவகிட்ட சொன்னதுக்கு அப்புறம் அழிக்கிறேன்.”

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இந்தத் தெருவில் ஒரு பிள்ளை பிறந்தாலும், ஒருத்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாலும் என் மேசைக்குத்தான் முதலில் வருவார்கள். அந்தப் பெண் தெரிந்துகொண்டால் நர்ஸுக்குத் தெரியும். நர்ஸ் வழியாகக் கட்டடத்துக்குத் தெரியும். அப்புறம் என் கதவு திறந்திருந்தும் ஒருவரும் பேசமாட்டார்கள். படியேறும்போது வாயை மூடிக்கொண்டு ஏறுவார்கள். ஓய்வு பெற்ற முதல் வாரத்தைச் சொன்னேனே. மீதி ஆயுள் முழுக்க அந்த வாரம்.

பெட்டியில் ஒரு விளக்கு விட்டு விட்டு எரிகிறது என்று அவர் மேசைக்கடியில் குனிந்தார். ‘தூசி’ என்று முனகினார். நர்ஸ் உடுப்பைத் தேய்த்துவிட்டு இஸ்திரிப் பெட்டியை மேசையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். பழைய காலத்துக் கனமான இரும்பு. ஆறியிருந்தது. சூடாக இருந்திருந்தால் நான் தொட்டிருக்கமாட்டேன். எனக்குக் கை சுட்டால் உடனே கொப்பளிக்கும்.

முதல் அடி காதுக்குப் பின்னால். அவர் கத்தவில்லை, ‘அக்கா’ என்றார், கூப்பிடுகிற மாதிரி. அப்படியே முன்னால் சரிந்ததில் தலை பெட்டியில் மோதி, பலகையோடு பெட்டி தரையில் சாய்ந்தது. எழுந்திருக்கப் பார்த்தார். ஒரு கை மேசைக் காலைப் பிடித்துக்கொண்டது. இரண்டாவது அடி உச்சியில். அதில் கை விட்டது. மூன்றாவது தேவைதானா என்று நீங்கள் கேட்டீர்கள். மூச்சு மாதிரி ஏதோ சத்தம் வந்துகொண்டிருந்தது, மேடம். பாதியில் விட்டால் அவருக்குத்தான் கஷ்டம். மூன்றாவதில் இரும்பின் கூர்முனை உள்ளே போய், இழுத்து எடுக்க வேண்டியிருந்தது. பாதி வெட்டிய பரங்கிக்காயிலிருந்து கத்தியை எடுக்கிற மாதிரி, கொஞ்சம் பக்கவாட்டில் அசைத்து.

பிறகு பெட்டியை நிமிர்த்திப் பலகையில் வைத்தேன். ஒரு விளக்கு பச்சை, ஒரு விளக்கு சிவப்பு. விளக்கு என்றால் ஏதாவது ஒரு நிறத்தில் எரியத்தானே செய்யும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, பெட்டி மாட்டிய அன்று அவர் காட்டிய வழியிலேயே எல்லாப் படங்களையும் சேர்த்துப் பிடித்து அழித்தேன். ‘உறுதியாகவா?’ என்று கேட்டது. ஆமாம் என்றேன். ஒன்றில் அழித்தால் இரண்டிலும் போய்விடும். சுவிட்சை அணைத்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து என் உறையை எடுத்துக்கொண்டேன். ஓரத்தில் மட்டும் நனைந்திருந்தது. இஸ்திரிப் பெட்டியின் கைப்பிடியைத் துடைத்து, நர்ஸ் எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்தேன். கேமரா அணைந்த வாசல் வழியாக நாலே எட்டில் என் வீடு. புடவையை ஊறப்போட்டுவிட்டு, பீன்ஸைத் தாளித்தேன்.

தங்கை வேலை முடிந்து ஆறரைக்கு வந்தாள். அவள் அலறியதும் முதலில் ஓடியது நான்தான்.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் உங்களிடம் பொய் சொல்லவில்லை. ‘அந்தப் பெட்டிய ஒரு நாள் தரையில அடிக்கிறேன்’ என்று நர்ஸ் சொன்னாளா இல்லையா? சொன்னாள். பெட்டி தரையில் விழுந்த தடம் இருந்ததா? இருந்தது. இஸ்திரிப் பெட்டி யாருடையது? அன்று மாலை ஆஸ்பத்திரியில் முக்கால் மணி நேரம் அவளை யாரும் பார்க்கவில்லை; எங்கே போனாள் என்றால் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன் என்றாள். மதியம் சண்டை போட்டுவிட்டுப் போனவள், அதற்காக அழுதிருக்கிறாள். நான் நம்புகிறேன். நீங்கள்தான் நம்பவில்லை. இருபத்தாறு நாள் அவளை உள்ளே வைத்திருந்தீர்கள். அங்கே ஒருத்தி அவள் தலையைச் சுவரில் மோதி இரண்டு பல்லை உடைத்துவிட்டாளாம். நான் வாரம் இரண்டு முறை சாப்பாடு கொண்டுபோனேன். பல் போனது தெரிந்ததும் குழைய வடித்துக்கொண்டு போனேன்.

அந்தப் பெட்டியை உங்கள் ஆட்கள் எடுத்துப்போய், பச்சை விளக்கு டிஸ்க்கைப் பார்த்தார்கள்; காலி. சிவப்பு விளக்கு டிஸ்க் செத்துவிட்டது என்று உறையில் போட்டு ஓரமாக வைத்தார்கள். சரியாகத்தான் இருந்தது. தங்கைதான் உங்கள் மேசை முன் வந்து நின்றாளாம். “செத்துப்போனது வேற, பிரிஞ்சுபோனது வேறன்னு எங்கண்ணன் சொல்வான். எதுன்னு பாத்தீங்களா?”

இதைத்தான் தம்பி எனக்குக் கற்றுக்கொடுக்காமல் விட்டார். அவர் தலை மோதியபோது ஒரு டிஸ்க்கின் ஒயர் கழன்றிருக்கிறது. கழன்றது சாகவில்லை, ஜோடியை விட்டுப் பிரிந்துவிட்டது, அவ்வளவுதான். பிரிந்த நொடி வரை தெரிந்ததை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் அழித்தது எதுவும் அதற்குச் சொல்லப்படவில்லை. சொல்லாமல் விட்டால் எதற்கும் தெரியாமல்தான் போகும். எனக்கே இரண்டு முறை அனுபவம்.

நீங்கள் அதை எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். நான் எழுதுகிற படம். தம்பி என்னை அழைத்துப்போய்க் கதவைச் சாத்துகிற படம். கடைசியில் சாத்திய கதவு மட்டும். வாசல் கேமராவுக்குக் காதும் உண்டு என்பது எனக்குத் தெரியாது; முப்பது வருடம் காதை வைத்துப் பிழைத்தவள், எனக்கே தோன்றவில்லை. கதவுக்குப் பின்னால் ஒரு மொத்தென்ற சத்தம். ‘அக்கா’ என்ற குரல். அதோடு நின்றுவிட்டது. மூன்றில் முதல் அடி மட்டும்தான் அதில் இருக்கிறது. மற்ற இரண்டையும் நானாகத்தான் சொன்னேன். தெரிந்ததை மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

உங்கள் பெண் காவலர் அவ்வப்போது வெளிச்சேதி சொல்கிறாள். நல்ல பெண், வாயை மூட வராது. நர்ஸ் புதுப் பல் கட்டிக்கொண்டு, கடல் தாண்டி ஏதோ ஓர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய்விட்டாளாம். டிஸ்க்குகளை எடுத்துக்கொண்டு நீங்கள் திருப்பிக் கொடுத்த கறுப்புப் பெட்டியைக் கையோடு கொண்டுபோயிருக்கிறாள். தரையில் அடிப்பேன் என்றவள் அதைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனாளாம். தங்கை லிஃப்ட்காரனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வேறு ஊர் போய்விட்டாள். கையெழுத்துப் போடும்போது உள்ளங்கைத் தையல் தழும்பை மாமியாரே தடவிக் கொடுத்தாளாம். அப்படியானால் யாரோ முன்னாடியே சொல்லியிருக்கிறார்கள், என் கடிதத்துக்கு அவசியமே இருந்திருக்காது. பால் போடுகிறவர் எங்கள் மாடிக்கு வருவதை நிறுத்திவிட்டார். என் வீட்டுக்குப் புதிதாக ஒரு ஜோடி குடிவந்திருக்கிறது. வந்த முதல் நாளே கதவிடுக்கில் இருந்த செருப்பை எடுத்து எறிந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்களாம். என்ன மறைக்கிறார்களோ.

முழுவதும் எழுதிவிட்டேன் மேடம். அடித்தது நான், மூன்று முறை, வேண்டுமென்றே. கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வாழ்க்கையில் நான் பெயர் போட்டு எழுதியது இது ஒன்றுதான்.

இன்னும் ஒரே ஒரு வெற்றுத்தாள் தரச் சொல்லுங்கள். நேற்று மதியம் நீங்கள் வராந்தாவில் நின்று, ‘வீட்டு நம்பருக்குக் கூப்பிடாதன்னு எத்தன தடவ சொல்றது’ என்று யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசியது காதில் விழுந்தது. நான் யாரைப் பற்றியும் புறம் பேசுகிறவள் இல்லை. உங்கள் வீட்டுக்காரரின் முகவரியைப் பெண் காவலரிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.